பரணில் துருப்பிடிக்கும் 'மெக்கானிக்ஸ்' செட்... பெரியவங்க கையில் மறுபடியும் ஸ்பேனர் ஏன்? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கேளம்பாக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடிக் கட்டடங்களும், அவற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் டவர் கிரேன்களும் கண்ணில் படும். அங்கிருந்து கோவளம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் காட்சி மாறிவிடும். உப்பங்கழி, உப்பளம், முகத்தில் ஒட்டுகிற உப்புக் காற்று.

சின்ன வயதில் துளை போட்ட இரும்புப் பட்டைகளை நட்டு, போல்ட்டு போட்டு முடுக்கி கிரேன் செய்த தலைமுறை, இப்போது அதே கட்டடங்களில் குடியிருக்கிறது. சிறுசேரி, நாவலூர் பக்கம் ஐ.டி. வேலை, நாள் முழுக்க ஸ்கிரீன். இப்படிப்பட்டவர்களில் சிலர் பழைய 'மெக்கானிக்ஸ்' பெட்டியைப் பரணில் இருந்து இறக்குகிறார்கள். சிலர் புதிதாக வாங்குகிறார்கள். இன்னும் சிலர் "பிரிக்காம வச்சா பின்னாடி நல்ல விலைக்குப் போகும்" என்று சீல் உடைக்காமல் அடுக்குகிறார்கள்.

இதில் எது சரி? எதை வாங்கலாம்? கடலோர வீட்டில் இந்த இரும்பு தாங்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மெக்கானிக்ஸ், மெக்கானோ... இரண்டும் ஒண்ணா?

இல்லை. ஆனால் ஒரே குடும்பம்.

மூத்தது மெக்கானோ. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இறைச்சி இறக்குமதி நிறுவனம் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. தன் மகன்களுக்காக உலோகத் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, சம இடைவெளியில் துளை போட்டு, நட்டு போல்ட்டால் இணைத்துப் பொம்மை கிரேன் செய்தார். 1901-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி' என்பதுதான் முதல் பெயர். 1907-ல் அது 'மெக்கானோ' ஆனது.

அவர் கண்டுபிடித்தது ஒரு பொம்மை அல்ல, ஓர் அளவுமுறை. எல்லாத் துளைகளுக்கும் இடையே அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. எந்தப் பட்டையை எடுத்தாலும் இன்னொன்றோடு பொருந்தும். இன்றைக்குப் பாலம், நாளைக்கு அதையே பிரித்து லாரி. செட்டுகளை எண் போட்டு விற்றார்கள். சின்ன செட் வைத்திருப்பவர் இடையில் ஒரு துணை செட் வாங்கினால் அடுத்த எண்ணுக்கு ஏறிவிடலாம். 1937-ல் வந்த 10-ஆம் எண் செட்தான் அதில் உச்சம்.

நம்ம ஊர் வீடுகளில் பலருக்கும் தெரிந்தது 'மெக்கானிக்ஸ்'. மும்பையைச் சேர்ந்த செஃபிர் டாய்மேக்கர்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. அதே துளைப் பட்டை, அதே நட்டு போல்ட்டு, கூடவே ஒரு குட்டி ஸ்பேனர். பிறந்தநாள் பரிசாகவோ, பள்ளிப் போட்டிப் பரிசாகவோ வீட்டுக்குள் வந்த பெட்டி. இப்போதும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

"இதெல்லாம் குழந்தைங்க சமாச்சாரம் தானே?"

வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். பதில் சொல்ல 1934-க்குப் போக வேண்டும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற இயற்பியலாளர் அணுக்களைப் பற்றிய கடினமான வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அந்தக் கணக்குகளைப் போடும் ஒரு பெரிய இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே மாதிரி ஒன்றை, மாணவர் ஆர்தர் போர்ட்டருடன் சேர்ந்து பெரும்பாலும் மெக்கானோ பாகங்களைக் கொண்டே கட்டினார். செலவு சுமார் 20 பவுண்டு. அந்தப் பொம்மை இயந்திரம் நிஜமான ஆராய்ச்சிக் கணக்குகளைப் போட்டது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜிலும் ஒன்று கட்டப்பட்டது.

1996-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹாரி குரோட்டோவும் மெக்கானோ ரசிகர். ஒரு நட்டைக் கழன்றுவிடாத அளவுக்கு, அதே சமயம் மரை தேய்ந்துவிடாத அளவுக்கு முடுக்கும் பக்குவம் கைக்கு வர வேண்டும், அதைக் கற்றுத்தருவது இந்த செட்தான் என்பது அவர் கருத்து. பிளாஸ்டிக் கட்டைகளை விட இதுவே மேல் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

2015-ல் பெல்ஃபாஸ்டில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள், மெக்கானோ பாகங்களாலேயே சுமார் 28 மீட்டர் நீளப் பாலம் கட்டிக் காட்டினார்கள்.

இந்தியாவிலும் ஒரு கதை உண்டு. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதி கிராமப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் திட்டத்தில் சேர்ந்தார. இரும்பு செட் வாங்கக் காசில்லாத பிள்ளைகள். அவர் எடுத்தது தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகினால் மூட்டு தயார். அதன் பெயரே 'மேட்ச்ஸ்டிக் மெக்கானோ'. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆக, வயது பிரச்சினை இல்லை. கையில் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் விஷயம்.

அப்படி என்ன இன்ஜினியரிங் இருக்கு இதுல?

ஒரு டவர் கிரேன் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆரில் அதைப் பார்க்காத நாளே கிடையாது.

*முதல் பாடம், முக்கோணம்.* நாலு பட்டையைச் சதுரமாக இணைத்து ஓரத்தில் தள்ளிப் பாருங்கள். பெட்டி சாய்ந்து படுத்துவிடும். மூன்று பட்டையை முக்கோணமாக இணைத்துத் தள்ளுங்கள், அசையாது. கிரேனின் உடம்பு முழுக்கக் குறுக்குக் கம்பிகள் ஓடுவது இதனால்தான். அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாடலும் இதே பாடத்தைத்தான் நடத்துகிறது.

*இரண்டாவது, பித்தாகரஸ்.* 4 துளை, 5 துளை, 6 துளை உள்ள மூன்று பட்டைகளை எடுங்கள். துளைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை எண்ணினால் 3, 4, 5. அப்புறம் என்ன? மூன்றையும் கோத்தால் கச்சிதமான செங்கோணம். ஸ்கேல், மூலைமட்டம் எதுவும் வேண்டாம்.

*மூன்றாவது, பல்சக்கரக் கணக்கு.* மெக்கானோவில் 19 பல் சக்கரமும் 57 பல் சக்கரமும் ஜோடி. சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. வேகம் மூன்றில் ஒரு பங்கு, சுழற்றும் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 25-க்கும் 50-க்கும் இதே கணக்கு, இரண்டுக்கு ஒன்று. இந்த இரண்டு ஜோடியும் ஒரே ஒரு இன்ச் இடைவெளியில், அதாவது இரண்டு துளை தள்ளி வைத்தால் பொருந்தும். அதனால் அச்சுகளை நகர்த்தாமலே கியர் மாற்றும் பெட்டி கட்டலாம்.

*நாலாவது, புழுச் சக்கரம்.* திருகு மாதிரி இருக்கும் இதை 57 பல் சக்கரத்தோடு சேர்த்தால், 57 சுற்றுக்கு ஒரு சுற்றுதான் நகரும். இதில் இன்னொரு நன்மை உண்டு. கைப்பிடியை விட்டுவிட்டாலும் தூக்கிய பாரம் கீழே விழாது. பாரத்தின் எடையால் புழுச் சக்கரத்தைத் திருப்பிச் சுற்ற முடியாது. பிரேக்கே இல்லாமல் பிரேக்.

*ஐந்தாவது, இரட்டை நட்டு.* அசையும் மூட்டில் ஒரு நட்டை மட்டும் போட்டால் ஆட ஆடக் கழன்றுவிடும். இறுக்கினால் மூட்டு அசையாது. இரண்டு நட்டு போட்டு, ஒன்றோடு ஒன்றை எதிரெதிராக முடுக்கினால் மூட்டும் அசையும், நட்டும் நிற்கும்.

பழகியவர்கள் செய்யும் ஒரு காரியம்: கட்டும்போது எந்த போல்ட்டையும் முழுசாக முடுக்க மாட்டார்கள். விரலால் பிடித்த அளவோடு விட்டுவிட்டு, எல்லாம் பொருந்தி நேரானதும் கடைசியில் ஒரு சுற்று. ஆரம்பத்திலேயே இறுக்கினால் கடைசிப் பட்டையின் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அப்போது வரும் கடுப்பில் பாதிப் பேர் செட்டை மூடி வைத்துவிடுகிறார்கள்.

லெகோ இதுல எங்க வருது?

டென்மார்க்கின் லெகோ தனி வகை. போல்ட்டு இல்லை, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். இன்றைய கட்டையின் வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது 1958-ல். அந்தக் காலக் கட்டை இன்றைக்கும் பொருந்தும் என்பது அதன் பெருமை. 1977-ல் வந்த 'டெக்னிக்' வரிசையில் பல்சக்கரம், அச்சு எல்லாம் உண்டு. இயந்திர வேலை பிடித்தவர்களுக்கு லெகோவில் அதுதான் வாசல்.

பெரியவர்களுக்கென்றே பெட்டியில் '18+' என்று அச்சடித்து லெகோ விற்கிறது. 2021-ல் வந்த டைட்டானிக் செட்டில் 9,090 பாகங்கள். 2022-ல் வந்த ஈஃபிள் கோபுரத்தில் 10,001.

வித்தியாசம் எங்கே என்றால், லெகோ செட் பெரும்பாலும் ஒரே ஒரு பொருளாக முடிந்து ஷோகேஸுக்குப் போகும். இரும்பு செட் பிரிப்பதற்கென்றே பிறந்தது. எது உசத்தி என்பது அவரவர் விருப்பம்.

பிரிக்காம வச்சா லாபமா?

சேகரிப்பவர்கள் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

லெகோ 2008-ல் தாஜ்மஹால் செட் ஒன்றை வெளியிட்டது. 5,922 பாகங்கள். சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. கைவசம் வைத்திருந்தவர்கள் விலையை ஏற்றினார்கள், கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போனது. 2017-ல் லெகோ அதே தாஜ்மஹாலைப் புது எண் போட்டு மறுபடி வெளியிட்டது. இந்த முறை 5,923 பாகங்கள். பழைய பெட்டியின் விலை மளமளவென இறங்கியது. பல வருஷம் தொடாமல் காத்தவர்களுக்கு மிஞ்சியது, ஒரு தடவை கூடக் கட்டிப் பார்க்காத தாஜ்மஹால்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மெக்கானோவின் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. பிறகு பிரான்ஸின் கலே நகரில் உற்பத்தி தொடர்ந்தது. 2013-ல் கனடாவின் ஸ்பின் மாஸ்டர் நிறுவனம் அந்த பிராண்டை வாங்கியது. கலே தொழிற்சாலையையும் மூடப்போவதாக 2023-ல் அறிவிப்பு வந்தது. இப்படி நடக்கும்போது பழைய பாகங்களுக்குத் தேவை கூடும். ஆனால் தேடுபவர்களில் பெரும்பாலோர் பாகம் வேண்டுபவர்கள், கட்டுகிறவர்கள். அவர்களுக்குச் சீல் வைத்த பெட்டியை விட, துருவில்லாத பல்சக்கரம்தான் முக்கியம்.

பழைய செட்டின் வயசை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பொருள் என்றால் சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட்தான் ஞாபகம் வரும். 1985-ல் தீயில் அழிந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் ரெக்கார்டு, பொம்மை எல்லாம் கிடைத்தன. இன்றைக்கு இந்தத் தேடல் பெரும்பாலும் செல்போனில்தான். போட்டோவைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருப்பதால் நிறத்தைக் கவனியுங்கள்.

மெக்கானோ என்று சொல்லி விற்கும் பட்டை வெறும் உலோக நிறத்தில், நிக்கல் பூச்சோடு இருந்தால் பெரும்பாலும் 1926-க்கு முந்தைய பாணி. அந்த ஆண்டில் சிவப்பும் பச்சையும் வந்தன. 1934-ல் நீலமும் பொன்னிறமும். போருக்குப் பிறகு மறுபடியும் சிவப்பு, பச்சை. 1964 வாக்கில் மஞ்சளும் கறுப்பும். ஒரே பெட்டிக்குள் எல்லா நிறமும் கலந்து கிடந்தால், பல செட்டுகளைச் சேர்த்த பெட்டி என்று அர்த்தம். கட்டுகிறவருக்கு அதில் நஷ்டமில்லை. 'முழு ஒரிஜினல் செட்' என்று விலை சொன்னால் மட்டும் பேரம் பேசுங்கள்.

இன்னொரு சிக்கல் போல்ட்டில். பழைய மெக்கானோ போல்ட்டு 5/32 இன்ச் அளவு. நம்ம ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 4 மி.மீ. போல்ட்டு பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். ஆனால் மரை வேறு. ஒன்றில் ஒன்றைத் திணித்தால் ஒரு சுற்றுக்கு மேல் போகாது, மீறி முடுக்கினால் இரண்டுமே பாழ். கடைக்குப் போகும்போது கையில் ஒரு பழைய நட்டை எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

வெளிநாட்டு செட் இங்கே ஏன் இவ்வளவு விலை?

பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதம் ஆனது. 2023-ல் 70 சதவீதமாக உயர்ந்தது. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பொம்மைக்கு, மற்ற வரிகளைச் சேர்க்கும் முன்பே 700 ரூபாய். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்க்க என்பது அரசு சொன்ன காரணம்.

அடுத்து தரக் கட்டுப்பாடு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கானது. குழந்தைக்கும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீடு என்றால், முத்திரை இருந்தாலும் சரி, நட்டு போல்ட்டு கைக்கு எட்டவே கூடாது. தொண்டையில் சிக்கும் அளவுதான் அவை.

கேளம்பாக்கத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: உப்பு

மதுரையிலோ கோவையிலோ பரணில் இருபது வருஷம் கிடந்த செட், பிரித்தால் தூசியோடு வரும். கோவளம், கேளம்பாக்கம், மாமல்லபுரம் பக்கம் அதே பெட்டி துருவோடு வரும்.

காரணம் எளிமையானது. கடல் காற்று மிக நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. அது பட்டையின் மேல் படியும். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றில் இருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். அதே கசிவு உங்கள் இரும்புப் பட்டை மேலும் நடக்கிறது. உப்புத் தண்ணீர் இருக்கும் இடத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். அதுவும் பெயின்ட் உரிந்த துளை ஓரங்களிலும், போல்ட்டின் மரையிலும்தான் முதலில் தொடங்கும்.

என்ன செய்யலாம்?

- அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சும். பெட்டி அழகாக இருந்தால் தனியாக வையுங்கள். பாகங்களை இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.
- கட்டி முடித்துப் பிரித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். வியர்வையிலும் உப்பு இருக்கிறது.
- போல்ட்டு, அச்சுக் கம்பிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தொட்டு, துணியால் மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். சொட்டச் சொட்ட விட்டால் தூசி சேரும்.
- பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கிற ஞாபகத்தில் புளி, எலுமிச்சையோடு இறங்கிவிடாதீர்கள். அந்த அமிலம் இரும்பின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சைக் கரைத்துவிடும். இன்றைக்குப் பளபளக்கும், அடுத்த மழைக்குத் துரு ஏறும்.
- கடலைப் பார்த்த ஜன்னல், பால்கனி பக்கம் காட்சிக்கு வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் கட்டைகளுக்கும் இது பொருந்தும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்பட்டால் வெள்ளைக் கட்டை மஞ்சளாகும்.
- வருஷத்துக்கு ஒரு முறையாவது, முக்கியமாக வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள்.

கடைசி வரிதான் முக்கியம். சீல் வைத்த பெட்டிக்குள் துரு ஏறுவது யாருக்கும் தெரியாது. அடிக்கடி கட்டிப் பிரிக்கிற செட்டில் முதல் புள்ளியே கண்ணில் பட்டுவிடும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க என்ன செய்யலாம்?

பெரிய செட்டில் தொடங்க வேண்டாம். உள்நாட்டு மெக்கானிக்ஸ் செட்டில் சிறியதோ நடுத்தரமோ போதும். பாகம் குறைவாக இருந்தால்தான் யோசிக்கத் தோன்றும்.

முதல் மாடலைக் கையேட்டைப் பார்த்துக் கட்டுங்கள். இரண்டாவதைக் கையேட்டை மூடிவிட்டுக் கட்டுங்கள். வீட்டு ஜன்னலில் தெரிகிற கிரேன், சிறுசேரி நோக்கி வரும் மெட்ரோவின் தூண், மாட்டு வண்டி, எதுவானாலும் சரி. பிரிக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பெட்டியில் வரும் குட்டி ஸ்பேனர் விரலை நோகடிக்கும். நட்டின் அளவுக்குச் சரியான ஸ்பேனர் ஒன்றும், பிடி தடித்த திருப்புளி ஒன்றும் தனியாக வாங்கிக்கொண்டால் ஒரு மணி நேர வேலை சுகமாகப் போகும். ஒரு தட்டின் மேல் துணி விரித்து அதற்குள் வேலை செய்யுங்கள். இல்லையென்றால் உருண்டு போன நட்டைத் தேடி சோபாவுக்கு அடியில் பாதி நேரம் போய்விடும்.

வெவ்வேறு பிராண்டுகளைக் கலக்கும் முன் துளை இடைவெளியையும் போல்ட்டு மரையையும் சரிபாருங்கள். பழையது வாங்கினால் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறதா, அச்சுக் கம்பி வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பியைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

அப்போ முடிவு என்ன?

மறு வெளியீடு வந்தால் விலை இறங்கும். தொழிற்சாலை மூடினால் ஏறும். இரண்டும் நம் கையில் இல்லை. உப்புக் காற்று மட்டும் விலை பார்த்து வராது, எல்லாப் பெட்டிக்குள்ளும் நுழையும்.

பரணில் பழைய செட் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பாருங்கள். துரு தொட்ட பட்டைகளைத் தனியே ஒதுக்கி, மிச்சத்தை எண்ணுங்கள். ஒரு சின்ன கிரேனுக்குத் தேவையான அளவு நல்ல பட்டையும் ஒரு பல்சக்கரமும் தேறினாலே போதும். ஸ்பேனரை எடுக்கலாம்.